பதினான்காம் லாட்டில் ஒரு செருப்பு

நடந்தது, வரிசைப்படி:

1. ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் ஆண்டு பி.பி.ஏ. மாணவர்கள் நாற்பத்தாறு பேருக்கும் புகார்க் கடிதம் எழுதும் பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்தேன்.
2. தாளின் ஒன்பதாம் படி: "கடிதத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பவும். நகல் எனக்கு."
3. நாற்பத்தைந்து பேர் எனக்கு மட்டும் அனுப்பினார்கள்.
4. ஒருத்தி மட்டும் தாளில் இருந்தபடி செய்தாள்.
5. அவளுக்கு ஐம்பதுக்கு ஐம்பது போட்டேன்.
6. வியாழக்கிழமை, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் குடோனில் வேலை செய்யும் ஒன்பது பெண்கள் தங்கள் செருப்புகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துக் காட்டினார்கள்.
7. சனிக்கிழமை மதியம், அந்த ஒன்பது பேரில் மேற்பார்வையாளராக இருந்தவரை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.
8. அன்று மாலை ஐந்து மணிக்கு, அது என்னால் நடந்தது என்று எனக்குத் தெரிந்தது.
9. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அதைச் சொல்லப் போனேன்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நாற்பத்திரண்டு மணி நேரம். என் வீட்டிலிருந்து அந்தக் குடோனுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். மழையென்றால் பதினைந்து.

ஜூன் முதல் இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் உங்கள் இருவருக்கும் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி துறைத்தலைவர் கேட்டார். இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த அலகுக்கு எத்தனை மணி நேரம், அகமதிப்பீட்டில் எதற்கு எவ்வளவு, எந்த வகுப்பறையில் புரொஜெக்டரைத் தட்டினால்தான் எரியும், எல்லாம் அதில் இருக்கிறது. இது அதில் இல்லாதது. ஏழு வருடம் வணிகவியல் பிள்ளைகளுக்குத் தொடர்புத்திறனும் பணித்திறனும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாடியில் இருக்கும் கணினிப் பயன்பாட்டுத் துறைக்கு மாறுகிறேன். இருபத்திரண்டு படிக்கட்டு ஏறுவதற்கு, முப்பத்து மூன்று வயதில், ஓய்வுபெற்ற ஆள் மாதிரிப் பேசுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் இருவரும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி: ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு வழுக்கிக்கொண்டு போகத் தெரியும். தமிழை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. மாநகராட்சியில் பம்ப் ஆபரேட்டராக இருந்த அப்பா வீட்டுக்குக் கொண்டுவரும் பழைய நாளிதழ்களில் எழுத்துக்கூட்டிக் கற்றேன். செய்த தப்பை நாசூக்காகச் சொல்லும் அளவுக்கு அதில் எனக்குப் பயிற்சி போதாது.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். மூன்று வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடித்து, அதற்கு எண் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தோடு வகுப்பறைக்கு வந்தேன். முதல் வருடம் கையில் ஓர் எண்ணும் கருவி வைத்திருந்தேன், கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஒவ்வொன்றாகக் கூடுமே, அது. மேடையில் பேசுகிறவர் 'ம்…' என்று இழுத்தால் ஒரு டிக். ஒரு டிக்குக்கு அரை மார்க் குறையும். அந்தச் சத்தத்துக்குப் பயந்த பையன் ஒருவன் மூன்று நிமிடத்தில் மொத்தம் நான்கு வாக்கியம் பேசிவிட்டு இறங்கினான். டிக் பூஜ்யம். என் கணக்குப்படி வகுப்பிலேயே சிறந்த பேச்சாளன் அவன்தான். பரிசும் கொடுத்தேன்.

இப்படிப்பட்டவள் புகார்க் கடிதத்துக்குப் பயிற்சித்தாள் தயாரித்தால் எப்படி இருக்கும்? பதினொரு படிகள் இருந்தன. பாடநூலில் வரும் 'ஏபிசி அண்ட் கம்பெனி'யெல்லாம் எனக்குப் பிடிக்காது. தாளில் வரும் நிறுவனம் பார்க்க நிஜம் போல இருக்க வேண்டும் என்று ஒரு மாலை பஜார் ரோட்டில் நடந்து, ஒரு மிளகு ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அதில் நிறுவனத்தின் பெயரை மாற்றினேன். கதவு எண்ணை மாற்றினேன். தொலைபேசி எண்ணை மாற்றினேன். அடியில் சின்ன எழுத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியை மாற்றவில்லை.

சோதனைக்கு நிஜ ஆட்களின் விவரத்தை எடுக்காதே என்பது பழைய வேலையில் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லித்தந்த விதி. அதைப் புதிதாக வந்தவர்களுக்கு நானே ஆறு முறை வகுப்பாக எடுத்திருக்கிறேன்.

இனி புகார். மாணவருக்குக் கொடுத்த சூழல்: நீங்கள் வெளிநாட்டில் மிளகு வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர், வந்த சரக்கில் ஏதோ கிடக்கிறது, என்ன கிடக்கிறது? கல், தூசி என்று எழுதினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். மேசைக்கு அடியில் பார்த்தேன். என் செருப்பு கிடந்தது. 'இடது கால் ரப்பர் செருப்பு, ஒன்று. நீல வார். அளவு ஏழு.' சேர்த்து அனுப்பும் மூட்டைத் தொகுதிக்கு, அதாவது லாட்டுக்கு, ஓர் எண் வேண்டுமே என்று பதினான்கு என்று போட்டேன். எந்தக் குடோனிலும் ஒரு பதினான்கு இருக்கும் என்று யோசிக்கவில்லை. கடைசியாகப் பதினோராம் படி: "நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்தியான தீர்வு வராவிட்டால் இன்னும் கடுமையான தொனியில் நினைவூட்டவும். பொறுப்பானவர் யார் என்று பெயரோடு கேட்கவும்."

நாற்பத்தைந்து பேர் ஒன்பதாம் படிவரை படிக்கவே இல்லை. அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிஹாலா படித்தாள். போர்ட் கொச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் ராவுத்தர் வீட்டுப் பெண். முதல் வரிசை, எந்தத் தாளையும் கடைசி வரிவரை படிக்கிறவள். செவ்வாய்க்கிழமை கடிதம் அனுப்பினாள். தாளில் இருந்த முகவரி நான் பயிற்சிக்காகத் திறந்துவைத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவளும் நினைத்தாள். அவள் ஆங்கிலம் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. கோபம் ஒரு வரியில்கூட இல்லை. படித்தால் முதுகு சில்லிடும். ஐம்பதுக்கு ஐம்பது போட்டு, கீழே எழுதினேன்: "நிஜக் கடிதம் போலவே இருக்கிறது."

புதன்கிழமை நிறுவனத்திலிருந்து அவளுக்கு மன்னிப்பும் விசாரணை நடக்கிறது என்ற உறுதியும் வந்தன. நான் நிறுவனமாக நடித்துப் பதில் போடுகிறேன் என்று நினைத்து, அவள் பதினோராம் படியை வெள்ளிக்கிழமை நிறைவேற்றினாள். இந்த இரண்டு கடிதத்தின் நகலும் எனக்கு வந்திருக்கின்றன. நான் பார்க்கவில்லை. பதிலாக வரும் கடிதமெல்லாம் மார்க் கூட்டச் சொல்லிக் கெஞ்சுவதாகவே இருக்கும் என்ற அனுபவத்தில், அவற்றைத் தானாகவே ஒரு மூலைக்குத் தள்ளி, படித்ததாகக் குறித்துவிடும் ஏற்பாடு ஒன்றைச் செய்துவைத்திருந்தேன். அந்த ஏற்பாடு பிசகில்லாமல் வேலை செய்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அம்மா சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கேட்டியாடி? நம்ம சரசுவ வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டாராம் சேட்டு."

சரசு அக்கா எங்கள் சந்தில் ஐந்து வீடு தள்ளி இருக்கிறவர். கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். பதினெட்டு வருடமாக அதே குடோனில். மிளகைப் புடைத்து, சலித்து, சாக்கு தைக்கும் முன் கடைசியாகப் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அவர். சேட்டு என்றால் அந்தக் குடோன் முதலாளி. குஜராத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம்.

"ஏன்? என்ன ஆச்சு?"

"மிளகு மூட்டைக்குள்ள செருப்பு கிடந்துச்சாம்டி. வெளிநாட்டுல இருந்து மெயில். அவ ஈ விழுந்தாக்கூட மூட்டையப் பிரிச்சுக் கொட்டுறவ, அவ கையால தச்ச சாக்குல செருப்பாம்! ஒம்பது பேரையும் செருப்பக் கொண்டாந்து வரிசையா வைக்கச் சொல்லி, யாருக்கு ஒத்தச் செருப்புன்னு பாத்தாங்களாம். எல்லாருக்கும் ரெண்டும் இருக்கு. ஆனா நேத்து இன்னொரு மெயில் வந்துருச்சு, யாரு பொறுப்பு, பேரு சொல்லுன்னு. சீட்டுல இவ கையெழுத்துதானே?"

"எந்தக் கால்?"

"எந்தா?"

"செருப்பு. எந்தக் கால்?"

"இடது காலாம். நீல வாராம். அதத் தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? சாயா ஆறுது, குடி."

மேசைக்கு அடியில் இரண்டு செருப்பும் இருந்தன. இடதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மடிக்கணினியைத் திறந்து, அந்த மூலையைத் தேடி, இரண்டு கடிதங்களையும் படித்தேன்.

பதற்றம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் அழுவார்கள். நான் பட்டியல் போடுவேன். யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்: சேட்டு, சரசு அக்கா, துறைத்தலைவர், நிஹாலா. எந்த வரிசையில் சொல்வது என்று யோசிப்பதிலேயே சனிக்கிழமை போயிற்று.

ஞாயிறு காலை, நான்கு பேரில் எனக்குச் சுலபமானவரை முதலில் பிடித்தேன். தேவராவில் வீடு உள்ள துறைத்தலைவர் போனில் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிரின்ஸிப்பல் புதன்கிழமைதான் ஊர்ல இருந்து வரும். அதுவரை எழுத்துல ஒண்ணும் கொடுக்கண்டா. அந்தக் குட்டிகிட்ட ஒரு விளக்கம் எழுதி வாங்கி வை, தானா அனுப்பினதுன்னு."

"சார், தாள்ல நான்தான் அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"அதான் சொல்றேன், எழுதி வாங்கி வை."

அவர் கெட்டவர் இல்லை. கல்லூரியைக் காப்பாற்றுவது அவர் வேலை. அந்த யோசனை எனக்கு அரை நிமிடம் இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஹாலாவை அழைத்தேன். போனிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

"மிஸ், ஒன்பதாம் படியில…"

"தெரியும்மா. தப்பு உன்னுது இல்ல."

"அந்த அக்காவுக்கு வேலை போச்சா மிஸ்?"

"போகாது. நான் கடிதம் எழுதிட்டிருக்கேன்."

உண்மைதான், எழுதிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் ஐந்து வரைவு. முதல் வரைவின் முதல் வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன்: 'கல்விசார் பயிற்சி ஒன்றின் போது எதிர்பாராமல் நிகழ்ந்த தகவல் பரிமாற்றம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.' இதில் செருப்பு எங்கே? சரசு அக்கா எங்கே? நான் எங்கே? 'நிகழ்ந்த' என்கிறது, யாரோ வானத்திலிருந்து போட்டது போல. மூன்றாம் வரைவுக்கு உபதலைப்புகள் கொடுத்தேன். ஐந்தாவதில் ஒரு கால அட்டவணை.

நான்கு மணிக்குச் சமையலறையில் சரசு அக்காவின் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாயா குடிக்க வருவார். வருடக்கணக்காக உள்ள வழக்கம். அழவில்லை. சத்தமாகத்தான் பேசினார்.

"தளத்துக்குள்ள யாரு செருப்புப் போட்டு நடக்கறா? வாசல்லயே கழட்டி வெச்சுட்டுத்தானே உள்ள போறோம்? பதினெட்டு வருசமா அப்படித்தானே? சேட்டுகிட்டச் சொன்னேன். 'சரசு, அவங்க எழுதியிருக்காங்களே'ன்னு அதையேதான் சொல்றாரு."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஏழாம் வரைவில் இருந்தேன். ஒரு பத்தியை மேலே கொண்டுபோவதா கீழேயே விடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

"மோளே, நீ காலேஜ்ல கடுதாசி எழுதத்தானே சொல்லிக் கொடுக்கற? எனக்கு ஒண்ணு எழுதித் தா. சேட்டுக்கு. நல்ல இங்கிலீஷ்ல. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. எழுதிக் கொடுத்தாக் கேப்பாங்க போல."

மடிக்கணினியை மூடினேன்.

"நாளைக்கு எழுதித் தர்றேன் அக்கா."

இதற்குமேல் கீழே போக முடியாது என்று நினைத்தேன். முடிந்தது. திங்கட்கிழமை காலை, பதினோராம் வரைவை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்பதரை மணி வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், அட்டவணையில் இருந்தது, போனேன். அன்றைய பாடம் நான்காம் அலகு. தலைப்பு: கெட்ட செய்தியைத் தெரிவிப்பது எப்படி.

அந்தப் பாடத்தை நடத்தினேன். பலகையில் ஆறு குறிப்பு எழுதினேன். நிஹாலா முதல் வரிசையில் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கை தூக்கினாள்.

"மிஸ், கெட்ட செய்திய எத்தனை மணி நேரத்துக்குள்ள சொல்லணும்?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. பலகையில் அது இல்லை, அதனால் கேட்டாள். பின் வரிசையில் ஒருவன், "மார்க் வர்றதுக்கு முன்னாடி!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சாக்பீஸை வைத்துவிட்டு, "இப்பவே" என்றேன். வகுப்பை இருபது நிமிடம் முன்னதாக முடித்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் முதல் தடவை.

வராந்தாவில் அவள் பின்னாலேயே வந்தாள். "நானும் வர்றேன் மிஸ்."

"வேண்டாம். நீ வந்தா அங்க தப்பு செஞ்சவளா நிக்கறது நீயா இருப்ப. என் பின்னாடி நிக்கறவளா இருக்க மாட்ட."

குடோன் அலுவலகத்தில் சேட்டு தொலைபேசியில் இருந்தார். அறுபது வயதிருக்கும். மேசையில் மிளகு மாதிரிகள் சின்னச் சின்னக் கிண்ணங்களில். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் பதினோராம் வரைவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எந்தா டீச்சரே?"

"வணக்கம். நான் மூணு விஷயம் சொல்ல வந்திருக்கேன். முதல்ல பின்னணி. எங்க கல்லூரியில இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு…"

தொலைபேசி அடித்தது. பேசி வைத்தார்.

"சொல்லு."

"முதல்ல பின்னணி. எங்க கல்லூரியில…"

மீண்டும் அடித்தது. இந்தத் தடவை வைத்துவிட்டு அவரே முந்திக்கொண்டார். "ஆண்டுமலருக்கு விளம்பரமா? கால்பக்கம் போட்டுக்கோ. போன வருஷம் போட்டதே போதும்."

அப்போதுதான் என் வாயிலிருந்து எந்த வரைவிலும் இல்லாத வாக்கியம் வந்தது.

"அந்தச் செருப்பு என்னோடது."

சேட்டு என் காலைப் பார்த்தார். மழைக்காலம், நான் போட்டிருந்தது அதேதான். நீல வார். மேசைக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் இருக்கே!"

"இருக்கு. மூட்டையில செருப்பே கிடையாது. வெளிநாட்டுல யாரும் புகார் கொடுக்கல. அது என் வகுப்புப் பயிற்சி. உங்க மெயில் முகவரிய மாத்தாம விட்டுட்டேன். சரசு அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் சிரிப்பார் என்று ஒரு கணம் நம்பினேன். அவர் முகம் மெதுவாகச் சிவந்தது. எங்கள் சரக்கு ஏஜெண்ட் வழியாகத்தான் போகிறது, கடைசியில் யார் கையில் சேர்கிறது என்று எங்களுக்கே தெரியாது, கடிதத்தில் இருந்த வேறு பெயரையும் ஏஜெண்டின் பெயர் என்றே எடுத்துக்கொண்டேன், அதனால்தான் நம்பினேன் என்றார். ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒம்பது பொண்ணுங்கள நிறுத்தி வெச்சுச் செருப்பக் காட்டச் சொன்னேன். என் அப்பன் காலத்துலயும் இங்க அப்படி நடந்ததில்ல. நீ சொல்லித்தான் செஞ்சேன்."

"ஆமா."

"எழுதிக் கொடு."

பதினோராம் வரைவை நீட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். "இதுல நீ செஞ்சது எங்க இருக்கு?"

இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி, கடைசி வாக்கியம். விரல் வைத்துக் காட்டினேன். அவர் அந்தத் தாளையே திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் பேனாவை வைத்தார். ஐந்து வரி எழுதினேன். ஐந்தும் 'நான்' என்று தொடங்கின. கையெழுத்துப் போட்டேன்.

சரசுவைக் கூப்பிட ஆள் அனுப்புகிறேன் என்றார். நான் போகிறேன் என்றேன்.

சரசு அக்கா வீட்டு வாசலில் மழைத் தண்ணீரை விளக்குமாறால் தள்ளிக்கொண்டிருந்தார். "கடுதாசி எழுதிட்டியா மோளே?" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை பின்னணி எதுவும் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"நேத்து நான் உங்க வீட்டுக்கு வந்தேனே, கடுதாசி கேட்டேனே. அப்பவும் தெரியும்?"

"தெரியும் அக்கா."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல அஞ்சு வீடு" என்றார். அவ்வளவுதான். புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். குடோன் வாசலில் நின்று சேட்டுவிடம் சொன்னார்: "எல்லார் முன்னாடியும்தானே செருப்ப வெச்சோம்? எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். அப்புறம் உள்ள வர்றேன்."

புடைக்கும் தளத்தில் எட்டுப் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அங்கே அதுதான் வழக்கம். அதைப் பார்த்திருந்தாலே என் தாளை எழுதியிருக்க மாட்டேன். சேட்டுவிடம் எழுதிக் கொடுத்த ஐந்து வரியைச் சொன்னேன். நடுவில் எத்தனை 'ம்…' வந்தது என்று யாரும் எண்ணவில்லை.

மிளகுத் தூசியில் யாரோ தும்மினார்கள். அப்புறம் வயதான ஒரு சேச்சி கேட்டார், "டீச்சரே, அந்தச் செருப்பு எங்க?"

"வாசல்ல."

"கொண்டு வா. நாங்க கொண்டு வந்தோமே."

கொண்டு வந்தேன். சுவரோரம் அவர்கள் காட்டிய இடத்தில் ஜோடியாக வைத்தேன். ஒருத்தி குனிந்து இடதைத் திருப்பிப் பார்த்து, "ஏழுதான்! கரெக்ட்டா எழுதியிருக்கு" என்றாள். அந்த இடமே சிரிப்பில் அதிர்ந்தது. சரசு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சேட்டுவைப் பார்த்தபடி நின்றார்.

"சேட்டு, இங்க யாரும் செருப்போட உள்ள வர்றதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

சேட்டு கையை விரித்தார். "அந்தக் கடிதம் அப்படி எழுதியிருந்துச்சு சரசு."

உங்கள் இருவருக்கும் இந்தப் பாடத்தில் நான் விட்டுப்போக விரும்புவது சேட்டு சொன்ன அந்த ஒரு வரிதான். பதினெட்டு வருடம் கூடவே வேலை செய்த பெண் வாயால் சொன்னதும், அவரே தினமும் கண்ணால் பார்த்ததும், நன்றாக எழுதிய ஒரு பக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை. அப்படி எழுத நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஐம்பதுக்கு ஐம்பதும் கொடுத்தேன். நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வெறும் வேலைவாய்ப்புத் திறமை இல்லை. எழுதத் தெரியாத ஒருவரின் சொல்லை ஒன்றுமில்லாமல் ஆக்கக்கூடிய ஒரு சாமானைக் கையில் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும், அவர்களும் யாரிடமாவது வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஆனால் கொடுக்கும்போது அது என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.

வேறு அறிவுரை பெரிதாக இல்லை. தப்பு செய்தால், வரைவு எண் இரண்டைத் தொடும் முன் எழுந்து நடந்து போங்கள். யாரிடம் முதலில் சொல்வது என்று பட்டியல் போடத் தோன்றினால், யாருடைய வேலை போகிறதோ அவரிடம் முதலில். எனக்கு அவர் ஐந்து வீடு தள்ளி இருந்தார், சாயா குடிக்க என் வீட்டுக்கே வந்தார். இதைவிடச் சுலபமாக யாருக்கும் அமையாது. நான் அவருக்கு 'நாளைக்கு' என்றேன்.

இப்போதைய நிலை இது. சரசு அக்கா மறுநாளே வேலைக்குத் திரும்பினார். இன்றும் அதே குடோனில், அதே பொறுப்பில் இருக்கிறார். வராத ஒன்றரை நாளுக்கும் வந்ததாகவே சேட்டு குறித்துக்கொண்டார். அனுமதி கேட்காமல் குடோனுக்குப் போனதற்காகக் கல்லூரி எனக்கு ஒரு மெமோ கொடுத்தது. அது என் கோப்பில் இருக்கிறது. நிஹாலாவின் மதிப்பெண்ணில் நான் கை வைக்கவில்லை. அவள் படிப்பை முடித்து ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருக்கிறாள். பதில் போடும் முன் குடோனுக்குப் போன் செய்து கேட்கிறாளாம். மூன்றாம் அலகுக்கு முன்னால் பிள்ளைகளைக் குடோனுக்கு ஒருமுறை கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. சேட்டுவிடம் ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள பெண்கள் உங்களிடம் 'செருப்பு டீச்சர் எங்கே' என்று கேட்டால், மாடியில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். திருத்திய பயிற்சித்தாள் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. அதில் பத்துப் படிகள். அனுப்பும் முகவரி உள்ள இடம் காலி.

சரசு அக்கா சந்தில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார். அம்மாவிடம் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை சாயாவுக்கு அதன்பிறகு உள்ளே வரவில்லை. நான்கு வருடம் ஆகிறது.